ஜெயில் வார்டரும் போலீஸும் ஒண்ணா? கைது, துப்பாக்கி... சட்டம் சொல்வது என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் இனயத்தில் ஒருவர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்ட் ஆனால் நாகர்கோவில் மாவட்டச் சிறை போன்ற இடத்துக்குப் போவார். மனு போட்டுப் பார்க்க வரும் குடும்பத்துக்கு, உள்ளே காக்கியில் நிற்பவரும் 'போலீஸ்காரர்'தான். சட்டப்படி அவர் போலீஸ் இல்லை.

ஒரே தேர்வு, வேறு வேலை

இரண்டாம் நிலை காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவரையும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வில்தான் எடுக்கிறது. ஆனால் பணியில் சேர்ந்த பிறகு அதிகாரம் ஒன்றல்ல.

கைது செய்யலாமா?

1894-ம் ஆண்டு சிறைகள் சட்டம் மிகக் குறுகிய அதிகாரமே தருகிறது. தடை செய்யப்பட்ட பொருளை ஒருவர் தன் கண்முன்னே சிறைக்குள் கடத்தி, பெயர், முகவரி சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோ சிறை அலுவலர் அவரைப் பிடிக்கலாம் (பிரிவு 43). பிடித்தவரைத் தாமதமின்றி போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். விசாரிப்பது போலீஸ் வேலை.

துப்பாக்கி?

கலவரம், தப்பியோட்டம் நடந்தால் எப்போது ஆயுதம் பயன்படுத்தலாம் என்பதை விதிகள் வரையறுக்கின்றன. கைதியை கோர்ட்டுக்கு அழைத்துப் போவது பொதுவாக ஆயுதப்படை போலீஸ். எஸ்கார்ட் கிடைக்காவிட்டால் வாய்தாவும் தள்ளிப்போகும், ஆஸ்பத்திரி பயணமும் தள்ளிப்போகும். 'அந்த அதிகாரத்தை வார்டருக்கே கொடுத்துட்டா என்ன?' என்ற வாதத்துக்கு இங்கேதான் பலம்.

அமெரிக்காவில் எப்படி?

இதே கேள்வி அங்கும் உண்டு. கலிஃபோர்னியா சட்டம் கவுன்டி சிறைகளின் 'கஸ்டோடியல் ஆபீசர்'களை போலீஸுக்கு நிகரான 'பீஸ் ஆபீசர்' ஆக ஏற்பதில்லை. கைதியைக் கொண்டுபோகும்போது, ஆஸ்பத்திரியில் காவல் நிற்கும்போது, சிறைக் கலவரத்தை அடக்கும்போது மட்டும், மேலதிகாரி உத்தரவின் பேரில் துப்பாக்கி ஏந்தலாம். அதாவது, முழு போலீஸ் அதிகாரம் தராமலே எஸ்கார்ட் சிக்கலைத் தீர்க்க வழி இருக்கிறது.

அப்புறம் என்ன தயக்கம்?

2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் கைது செய்த ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். சில நாள்களிலேயே, ஜூன் 22, 23 தேதிகளில், அடுத்தடுத்து இறந்தனர். வழக்கு சிபிஐக்குப் போனது; போலீஸார் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது.

சிறைக்கு வரும் கைதியின் உடல்நிலையையும், உடம்பில் உள்ள காயம், தழும்புகளையும் மருத்துவ அலுவலர் பார்த்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 24-வது பிரிவு. லாக்கப்பில் அடி விழுந்திருந்தால், போலீஸுக்கு வெளியே உருவாகும் முதல் எழுத்துச் சாட்சிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பதிவேடு இருப்பது சிறைத் துறையின் கையில். சிறை அலுவலரும் போலீஸ் ஆகிவிட்டால், போலீஸுக்கு எதிரான சாட்சியை போலீஸே பாதுகாக்க வேண்டிய நிலை வரும்.

சாத்தான்குளத்தில் சிறைக் கதவு இருவரின் உயிரைக் காப்பாற்றவில்லை. அதற்காக அந்தத் தடுப்பையே எடுத்துவிட முடியாது, பலப்படுத்தத்தான் வேண்டும். எஸ்கார்ட்டுக்கு மட்டும் அளவான ஆயுத அதிகாரம், காணொலியில் ஆஜர், சேர்க்கையின்போது முறையான மருத்துவப் பரிசோதனை ஆகியவை அதற்கான வழிகள்.

இனயத்திலிருந்து மனு போட்டுப் பார்க்கப் போகும் குடும்பம் ஒன்று செய்யலாம். உள்ளே இருப்பவர் உடம்பில் காயம் தெரிந்தால், அது சேர்க்கையின்போதே பதிவானதா என்று வக்கீல் மூலம் உடனே கேட்கலாம்.