படுக்கையருகே ஊதியமற்ற உழைப்பு

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலை விபத்தில் தலைக்காயமுற்று வருவோர் அன்றாடம் உண்டு. குமரி மாவட்டத்தாரும் அவர்களுள் அடக்கம். அறுவைச் சிகிச்சையும் செயற்கைச் சுவாசமும் பலரின் உயிரைக் காக்கின்றன. ஆயினும் சிலர், கண் திறந்த பின்னரும் நினைவு திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றனர். மருத்துவமனை அவர்களை வீட்டுக்கு அனுப்பும் நாளில் வேறொரு கணக்குத் தொடங்குகிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண். மூக்குக்குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அது நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். தொண்டைத் துளையில் சளியை உறிஞ்ச வேண்டும். மூட்டுகள் இறுகாதிருக்கக் கைகால்களை அசைத்துவிட வேண்டும். இரவிலும் இதேதான். செய்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. முந்திரி ஆலைக்கோ நூறு நாள் வேலைக்கோ சென்றவர் அதைக் கைவிடுகிறார். காயமுற்றவரின் கூலியோ முன்பே நின்றுவிட்டது. இதற்குப் பாசம் என்று பெயர் சூட்டிவிட்டால் ஊதியம் பற்றிய பேச்சே எழாதல்லவா?

இதை உழைப்பென்று ஒருவாறு ஏற்றது கேரளம். 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்தது. உள்ளாட்சிகளின் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். படுக்கை நோயாளியைப் பராமரிப்பவருக்கென்றே ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 20 ரூபாய்! அதுவும் பல மாதங்கள் நிலுவையில் நின்றதுண்டு. கடன் வரம்பைச் சுருக்கி ஒன்றிய அரசு மாநிலத்தின் கையைக் கட்டியது உண்மை. ஆனால் அந்த விளக்கம் படுக்கையருகே விழித்திருப்பவருக்குப் போதாது. அவ்வொன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ, வீடு திரும்பிய பின் 15 நாள் செலவோடு விலகிக்கொள்கிறது.

2007இல் விபத்தில் மூளை சிதைந்த அரியானாச் சிறுமி ஒருவரின் வழக்கில், 2020இல் உச்சநீதிமன்றம் உதவியாளர் இருவர் தேவை என்றது. ஒவ்வொருவருக்கும் மாதம் 5,000 ரூபாய் வீதம் இழப்பீட்டில் சேர்த்தது. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும்போது கூலியாகும் வேலை, அரசிடம் கேட்கும்போது கடமையாவது எப்படி?

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். 2015இல் இறக்கும்வரை அங்கேயே பராமரிக்கப்பட்டார். 2011 தீர்ப்பையொட்டி நாடு கருணைக்கொலையையே விவாதித்தது. அத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண்ணே வந்ததில்லை என்ற அத்தீர்ப்பின் செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவரைப் பேணியோர், முறைவைத்துப் பணிக்கு வந்து, வேலை முடிந்ததும் வீடு சென்று உறங்க முடிந்த மாநகராட்சிச் செவிலியர்கள். அன்பும் அவர்களிடம் குறைவின்றி இருந்தது.

பராமரிப்பவருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான தொகையும், இரவில் சில மணி நேரமேனும் அவர் உறங்குவதற்கு உள்ளாட்சி ஊதியத்தில் பயிற்சி பெற்ற மாற்று ஆளும் வேண்டும். கேரளத்தில் முதலில் கேட்க வேண்டிய கோரிக்கை இது.