யாருக்குப் பூச்சிய நாள்?

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் ஒரு நகரத்தின் பெயரை ஓயாது உச்சரித்தன. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம் தண்ணீரின்றித் தவிக்கப்போகிறதென்றும், ஏப்ரல் மாதத்தில் வீட்டுக் குழாய்கள் அடைக்கப்படுமென்றும், அந்நாளே ‘பூச்சிய நாள்’ என்றும் அவை எழுதின. ஏறத்தாழ 200 நிலையங்களில், காவலின் கீழ், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் வீதம் தண்ணீர் பங்கிடத் திட்டம் வகுக்கப்பட்டது. உலகம் திகைத்தது. பின்னர் மழைகாலம் வந்தது. அணைகளில் நீர் ஏறிற்று. பூச்சிய நாள் கைவிடப்பட்டது. அணையில் நீர் ஏற ஏற, உலகின் கவலை வடிந்துபோயிற்று.

அந்தக் கவலையைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

அது பொய்க் கவலையென்று நாம் சொல்லவில்லை. 2015 முதல் மூன்றாண்டுகள் அங்கு மழை பொய்த்தது உண்மை. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: பொதுக் குழாயின் முன் வாளியோடு வரிசையில் நின்று, கிடைத்த நீரைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவதுதான் பூச்சிய நாளின் பயங்கரமென்றால், அந்நகரின் புறத்தே தகரக் குடிசைகளில் வாழும் உழைக்கும் மக்களுக்கு அந்நாள் புதிதா? அவர்கள் பிறந்த நாள்தொட்டு அதுவன்றோ அவர்களுடைய அன்றாட வாழ்வு! 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கறுப்பின மக்களையும் கலப்பின மக்களையும் நகரின் நல்ல பகுதிகளிலிருந்து பெயர்த்து மணல்வெளிகளுக்குத் துரத்தியது. நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தது. எனினும் குழாய் எங்கே, வரிசை எங்கே என்று அவ்வாட்சி கீறிய கோடு முற்றாக அழிந்துவிடவில்லை. அந்த வரிசையைப் படம்பிடிக்க உலகம் ஓடிவரவில்லை. நீச்சற் குளமுடைய வீட்டின் குழாய் வற்றுமென்ற அச்சம் எழுந்தபோதுதான் அது ‘நெருக்கடி’ என்னும் பெயரைப் பெற்றது.

“இயற்கை பொய்த்தது, ஆகவே எல்லோரும் சிக்கனமாயிருப்போம்” என்று உபதேசித்தனர் சிலர். சிக்கனத்தை நாம் எதிர்க்கவில்லை. 2018 பெப்ரவரி முதல் ஆளுக்கு 50 லீற்றர் என்ற கட்டுப்பாடு வந்ததும், மூன்றாண்டுகளுக்கு முன்னிருந்த நுகர்வைப் பாதிக்கும் கீழே அந்நகரம் குறைத்துக் காட்டியதும் மெச்சத்தக்க செயல்களே. ஆயினும் ‘எல்லோரும்’ என்ற அச்சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். 2023இல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்புப்படி, நகர மக்களில் நூற்றுக்கு 14 பேருக்கும் குறைவான செல்வரும் மேல்நடுத்தர வகுப்பினரும் வீடுகளுக்குச் செல்லும் நீரிற் பாதிக்கு மேல் நுகர்கின்றனர். பெருஞ்செல்வர் வீடொன்று நாளொன்றுக்கு 2,000 லீற்றருக்கு மேல் செலவிட, ஏழைக் குடும்பமொன்று 200 லீற்றரைத்தானும் எட்டுவதில்லை. முன்னதில் பெரும்பகுதி பாய்வது தோட்டத்துக்கும் நீச்சற் குளத்துக்கும். பின்னது சமையலுக்கும் குளிப்புக்கும் துணி துவைப்புக்கும். கட்டுப்பாடு வந்தபோது வசதி படைத்தோர் பலர் தம் வளவிலே குழாய்க்கிணறு தோண்டிக்கொண்டனர். வாளியைத் தவிர வேறொன்றுமில்லாதவன் எதைத் தோண்டுவான்?

இப்பாடம் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளை நாம் மறந்துவிடவில்லை. அங்கு கிணற்றில் நீர் இருந்தது. வாளியும் கயிறும் இருந்தன. ஆயினும் ‘பஞ்சமர்’ என ஒதுக்கப்பட்ட மக்கள் அவற்றைத் தொடும் உரிமையற்று, யாரேனும் வந்து ஒரு வாளி அள்ளி ஊற்றமாட்டாரா என்று வெறுங் குடத்தோடு காத்து நின்றனர். அந்தத் தாகத்துக்கு வானமா காரணம்? கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் சூட்டியது காரணமின்றியன்று. தாகத்துக்கு வரட்சி மட்டுமே காரணமன்று, அதிகாரமும் காரணம் என்பதை இம்மண்ணின் ஒடுக்கப்பட்ட மக்கள் எந்த ஆய்வும் வருமுன்பே அறிந்திருந்தனர்.

2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரை மனித உரிமையென ஏற்றது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. ஆயினும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, பாதுகாப்பான குடிநீர் வசதியற்றோர் இன்னும் 210 கோடிப் பேர். அவர்களுக்கு எந்தப் பத்திரிகையும் நாள் குறிக்கவில்லை. நாள்தோறும் நிகழ்வது செய்தியாவதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே, ‘நீரைச் சேமிப்போம்’ என்ற சுவரொட்டி நம் வகுப்பறைகளில் தொங்குகிறது. தொங்கட்டும். ஆனால் அதன் அருகே இரண்டு கேள்விகளையும் எழுதிவைப்போம்: யார் எவ்வளவு நுகர்கிறார்? யார் எவ்வளவு தூரம் சுமக்கிறார்? பங்கீட்டை மறைத்துப் பற்றாக்குறையை மட்டும் போதிக்கும் கல்வி, ஒழுகும் குழாயை மூடச் சொல்லித் தரும். குழாயே இல்லாத வீட்டைக் காணச் சொல்லித் தராது.

உலகின் கவனம் அணையின் நீர்மட்டத்தோடு ஏறியிறங்கும்வரை நெருக்கடி தீராது. அது குடத்தின் பக்கம் திரும்பவேண்டும். திருப்பவேண்டியவர்கள் நாமே.