இரும்பின் எண்ணும் இறைவேதத்தின் பாடமும்



அண்மையில் மக்தப் வகுப்பு முடிந்த வேளையில், பத்தாம் வகுப்பு பயிலும் மாணவன் ஒருவன் கைபேசியில் பரவிய செய்தி ஒன்றை நம்மிடம் கொண்டு வந்தான். ‘ஹதீத்’ (இரும்பு) என்னும் சொல்லின் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டினால் 26. அதுவே இரும்பின் அணு எண். ஆகவே இது வேத அற்புதம் என்றது அச்செய்தி. கூட்டல் சரிதான். ஆனால் அவன் அடுத்துக் கேட்டான்: “ஹஜ்ரத், தங்கத்தைக் குறிக்கும் ‘தஹப்’ என்ற சொல்லுக்குக் கூட்டினால் 707 வருகிறது. தங்கத்தின் அணு எண் 79 அல்லவா?”

இவ்வினாவை அதட்டி அடக்குவது அறிவும் அன்று; மார்க்கமும் அன்று. ஈமானை இத்தகைய எண் விளையாட்டில் தொங்கவிட்டால், அடுத்த கணக்குப் பொய்க்கும்போது பிள்ளையின் உள்ளத்தில் எது ஆட்டம் காணும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனிம வரிசை அட்டவணையின் பெருமை வேறிடத்தில் உள்ளது. 1869இல் மெண்டலீஃப் அன்று அறியப்பட்டிருந்த தனிமங்களை வரிசைப்படுத்தியபோது, பொருந்தாதவற்றைத் திணிக்காமல் சில இடங்களைக் காலியாக விட்டார். அங்கு வரவேண்டியவற்றின் பண்புகளையும் முன்கூட்டியே எழுதினார். 1875இல் காலியமும் 1886இல் ஜெர்மானியமும் கண்டறியப்பட்டு அவ்விடங்களை நிரப்பின. ஒரே தொகுதியில் உள்ளவை ஒத்த குணம் காட்டுகின்றன: சோடியமும் பொட்டாசியமும் நீர் பட்டால் சீறுகின்றன, ஹீலியமும் நியானும் எதனோடும் எளிதில் சேர்வதில்லை. முதல் தொகுதியைக் குறிக்கும் ‘ஆல்கலி’ என்னும் சொல்லே, செடிச் சாம்பலைக் குறித்த ‘அல்கலீ’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. படைப்பில் அளவும் ஒழுங்கும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

நம் வெலிங்டனிலிருந்து மலை ரயிலில் அடுத்த நிலையம் அருவங்காடு. அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுகளுக்கும் மேலாக வெடிமருந்துக்குப் பெயர் பெற்றது. கார்டைட்டின் ஆற்றலில் 15ஆம் தொகுதியின் நைட்ரஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. எரியும்போது அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைகின்றன; அப்போது பெரும் ஆற்றல் வெளிப்படுகிறது. சுற்றிலும் உள்ள தேயிலைச் செடிக்கு யூரியாவாக இடப்படுவதும் அதே நைட்ரஜன்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடும் அதுவே. தனிமம் ஒன்று, அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதன் கையில் உள்ள அமானிதம்.

திருக்குர்ஆன் (57:25) இரும்பைப் பற்றிக் கூறுகையில், அதில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் இருப்பதை ஒருசேர உணர்த்துகிறது. அதே வசனத்தில் இரும்புக்கு முன்னே வேதமும் தராசும் நீதியும் பேசப்படுகின்றன. வலிமை நீதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே நாம் அதிலிருந்து பெறும் பாடம். எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது.

எனவே, பெற்றோர்களே! சரிபாராத செய்தியை நன்மை நாடியும் பரப்பாதீர்கள். பிள்ளை வேதியியல் நூலைத் திறக்கும்போது, அதை மார்க்கத்துக்குப் புறம்பான படிப்பு என்று தள்ளாதீர்கள். அந்த மாணவனிடம் நாம் சொன்னதும் இதுதான்: “நீ கணக்கைச் சரிபார்த்தது நன்று, உண்மையைத் தேடுபவன் மார்க்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.”

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.