மழையா குற்றவாளி?

காய்ச்சலில் கிடப்பவனைத் தேர்வெழுத வைத்துவிட்டு, ‘மக்கு’ என்று முத்திரை குத்துவது முறையா? நெல்லையிலிருந்து வந்து இங்கே அறிவியல் பயிலும் நான் அதைத்தான் கேட்கிறேன்.

2023 உலகக் கோப்பையின் பத்துத் திடல்களில் திருவனந்தபுரம் இல்லை. நம் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த காரியவட்டம் திடலுக்குக் கிடைத்தவை நான்கு பயிற்சி ஆட்டங்களே. அவையும் செப்டம்பர் இறுதியில், அக்டோபர் தொடக்கத்தில்! இரண்டில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ‘மழை ஊர்’ என்ற பழிதான் மிஞ்சியது.

அதே ஆண்டு சனவரியில் இதே திடலில்தானே இந்தியா 390 ஓட்டங்கள் குவித்து, இலங்கையை 317 ஓட்டங்களில் வென்றது? பெப்ரவரி, மார்ச்சுக்குக் குறித்த 2026 இருபது ஓவர் உலகக் கோப்பைக்கோ, இந்தியாவில் தேர்ந்த ஐந்து நகரங்களில் நம் ஊர் இல்லை.

மழையில் அழைப்பு, வெயிலில் மறப்பு! திங்களறிந்து திடலைத் தேருங்கள். பிறகு பழிக்கலாம் மழையை.