இரும்பைத் தேடாதீர்கள்! மாத்திரையை ஒளிக்காதீர்கள்!

திருவெண்ணெய்நல்லூர் என்றதும், சுந்தரரை இறைவன் தடுத்து ஆட்கொண்ட கதை பலருக்கு நினைவு வரும். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 13-ம் நூற்றாண்டில் "சிவஞான போதம்" தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் அது.

அது 12 சூத்திரங்களே கொண்ட சிறிய நூல். மனிதனின் அறிவு எப்படி விழிக்கிறது, எப்படி அடங்குகிறது என்பதையும் அது ஆராய்கிறது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என 5 நிலைகளைச் சைவ சித்தாந்தம் கூறுகிறது. உணர்வு அடங்கலாம், ஆனால் உயிர் இருக்கிறது. இது அந்த மண்ணில் பிறந்த எண்ணம்.

அப்படிப்பட்ட நாட்டில், உணர்வு தப்பி விழுந்தவனை நாம் எப்படி நடத்துகிறோம்?

சாவி எங்கே?

சந்தையில் ஒருவன் விழுகிறான். கை கால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. "காக்காய் வலிப்பு! இரும்பு கொண்டு வா!" என்று நாலு பேர் ஓடுகிறார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். வலிப்பு நிற்கிறது. "பார்த்தாயா, இரும்பின் மகிமை!" என்கிறார்கள்.

உண்மை என்ன? பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுக்கவும் அவ்வளவு நேரம் ஆகும். பெயர் மட்டும் இரும்புக்கு!

நம் மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் மெல்லிய மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஏராளமான அணுக்கள் ஒரே சமயத்தில் கூச்சல் போட்டால் வலிப்பு வருகிறது. அந்த மின்சாரத்தைத் தாளில் வரைந்து காட்டும் முறையை ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்டார். இது பேயும் அல்ல, சாபமும் அல்ல. ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல.

எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. சில குழந்தைகள் சில வினாடிகள் கண் நிலைத்துப் பார்த்தபடி இருக்கும். கூப்பிட்டால் கேட்காது. "பாடத்தில் கவனம் இல்லை" என்று அடி விழும். அடிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

சட்டம் மாறியது

உலகில் சுமார் 5 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கிறது. தகுந்த மருந்து கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்கான மாத்திரைகளில் ஒன்றான பினோபார்பிட்டால் 1912 முதல் வழக்கத்தில் இருக்கிறது. விலையும் குறைவு.

பிறகு ஏன் துன்பம்? வெட்கம்தான்!

அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் திருமணத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ல் எழுதினார்கள். 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் திருந்திவிட்டது. நம் மனம் திருந்தியதா?

பெண்ணுக்கு நோய் இருப்பதை மறைத்துத் திருமணம் முடிக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை போட்டால் தெரிந்துவிடுமே என்று அவள் பயந்து நிறுத்துகிறாள். திடீரென்று மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. வலிப்பு அடுப்படியில் வரும், கிணற்றடியில் வரும். மறைத்தது மானத்தைக் காக்க. போவது உயிர்!

பெண் வீட்டார் உள்ளதைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெருந்தன்மையோடு ஏற்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமியார், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் மருமகளை இழிவாக நினைக்கலாமா? பிள்ளை பெற விரும்பும் பெண் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு, தனக்கு ஏற்ற மருந்தை அறிந்துகொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

பக்கத்தில் உள்ள கல், கத்தி முதலியவற்றை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். நன்றாகத் தெளியும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், மறுபடி மறுபடி வந்தாலும், 108-க்குப் போன் செய்யுங்கள். விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

விழுந்தவன் கண் விழிக்கும்போது முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான். அதில் அருவருப்பு வேண்டாம். அன்பு இருக்கட்டும்.