மவுஸ் யார் கையில்?



"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று பழமொழி சொல்வார்கள். நம்ம கம்ப்யூட்டர் லேபில் அந்த முதல் பாதி மட்டும் ரொம்ப நல்லா நடக்குது! ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். முந்தி ஓடி உட்கார்ந்தவர் கையில் மவுஸ். மத்த மூணு பேரும் பின்னாடி நின்று எட்டிப் பார்க்கணும். பெல் அடிச்சா கிளம்பணும். பெரும்பாலும் நிற்பது பெண் பிள்ளைகளும், வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதவர்களும்தான். இது நியாயமா?

ஒரு கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போடுவது புதுசு இல்லை. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. துளை போட்ட அட்டைகளில் தங்கள் கணக்கைக் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 1967ல், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் ஒரே கம்ப்யூட்டரை 14 கம்ப்யூட்டர் போல நடக்க வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கென்றே ஒன்று இருப்பது போலத் தோன்றும். இதற்குத்தான் மெய்நிகர் கணினி, அதாவது வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். இன்று நாம் செல்போனில் பார்க்கும் பல இணையதளங்கள் இவற்றில்தான் ஓடுகின்றன.

இது புரிய, திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைச்சுக்கோங்க. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த அண்ணன்கள் தங்கியிருப்பார்கள். அறை தனித்தனி, ஆனால் தண்ணீர்த் தொட்டி பொது. ஒருத்தர் குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் துணி துவைத்தால், இன்னொருத்தருக்கு முகம் கழுவக்கூடத் தண்ணீர் இருக்காது. அதனால் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர் வேண்டும். மெய்நிகர் கணினிகளுக்கும் அப்படி ஒரு மேனேஜர் மென்பொருள் உண்டு. அதன் பெயர் ஹைப்பர்வைசர்.

அதில் மூணு விதி வைக்கலாம். ஒன்று, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இவ்வளவு நிச்சயம் கிடைக்கும் என்ற குறைந்தபட்ச அளவு. இரண்டு, யாரும் இதற்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பு. மூன்று, மீதியை யாருக்கு எத்தனை பங்கு கொடுப்பது என்ற கணக்கு. எல்லோருக்கும் ஒரே பங்குதான் என்று இல்லை, தேவையைப் பார்த்துக் கூட்டலாம். முந்தி வந்தவருக்கே எல்லாம் என்ற விதி மட்டும் அங்கே கிடையாது!

இதையே நம்ம லேபுக்கும் வைக்கலாம் என்பது என் கருத்து. பீரியட் 40 நிமிஷம். நாலு பேருக்கும் ஆளுக்கு 8 நிமிஷம் கட்டாயம். 32 ஆச்சு. மீதி 8 நிமிஷம், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு. அப்படி இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு 4. யாருக்கும் 16 நிமிஷத்துக்கு மேல் கிடையாது.

"தெரிஞ்சவங்க செய்தா வேலை சீக்கிரம் முடியுமே" என்று சிலர் சொல்வீர்கள். வேலை முடியும், சரிதான். ஆனால் மத்த மூணு பேரும் எப்போ கத்துக்கிறது? லேப் இருப்பது வேலையை முடிக்க இல்லை, கற்றுக்கொள்ள.

"மாறி மாறி உட்கார்ந்தா நேரம் வீணாகுமே" என்றும் கேட்கலாம். உண்மை. ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஹைப்பர்வைசருக்கும் கொஞ்சம் நேரம் வீணாகத்தான் செய்யும். அதனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற வேண்டாம். 8 நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறினால் போதும்.

யார் மேனேஜர்? டீச்சர் ஒருத்தரே நாற்பது பேரையும் பார்க்க முடியாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு லீடர் இருக்கட்டும். வாரா வாரம் மாறட்டும். ஒரு பேப்பரில் பெயரும் நேரமும் எழுதட்டும்.

புது கம்ப்யூட்டர் வரும்போது வரட்டும். அதற்குப் பணம் வேண்டும். இருப்பதை ஒழுங்காகப் பங்கு போட ஒரு கடிகாரமும் கொஞ்சம் மனசும் போதுமே! பார்த்துக்கொண்டே நின்றால் நீச்சல் வருமா? மவுஸைத் தொடாமல் கம்ப்யூட்டரும் வராது.

ஆசிரியர்களே, அடுத்த லேப் பீரியடிலேயே ஆரம்பிக்க அனுமதி தாருங்கள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி