கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், தான் கட்டப் போகும் வீட்டிற்கான செலவுக் கணக்கை எக்ஸெல் தொகுப்பில் போட்டு வைத்திருந்தார். சிமெண்ட், கம்பி, மணல், கூலி எனத் தனித்தனி வரிகள். மேலே முதல் வரியில் தடித்த எழுத்தில் மொத்தத் தொகை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேஸ்திரி அந்த அச்சுப்பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், செப்டிக் டேங்கும் படிக்கட்டுக் கைப்பிடியும் இந்த மொத்தத்தில் சேரலையே" என்றார். "கம்ப்யூட்டர் போட்ட கணக்குங்க, அது தப்பாது" என்றார் நண்பர்.

மேஸ்திரி சொன்னதுதான் சரி. கூட்டல் பார்முலா இருபதாவது வரியோடு நின்றுவிட்டது. பிறகு நண்பர் சேர்த்த நான்கு வரிகளை அது கண்டுகொள்ளவே இல்லை. கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு. ஆனால், "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்ற ஒரே காரணத்தினால், நண்பர் அதை மறுபடி கூட்டிப் பார்க்கவில்லை.

இது வீட்டுக் கணக்கு. கொஞ்சம் பணம் துண்டு விழும், சமாளித்துவிடலாம். இதே பழக்கம் பெரிய இன்ஜினியர்களிடம் இருந்தால் என்ன ஆகும்? அதையும் உலகம் பார்த்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கும் நீங்கள், டைப்பிங் கற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் அதில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

சிமுலேஷன் என்றால் என்ன?

ஒரு பாலத்தைக் கட்டி, அது இடிகிறதா என்று பார்க்க முடியாது. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு காரைச் சுவரில் மோதிப் பார்ப்பதும் கட்டுப்படியாகாது. எனவே பாலத்தையும் காரையும் எண்களாகவும் சமன்பாடுகளாகவும் மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் வைக்கிறார்கள். இதற்கு மாடல் என்று பெயர். அந்த மாடலின் மீது காற்றை வீசச் செய்து, பாரத்தை ஏற்றி, என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் சிமுலேஷன்.

பெரிய பொருள் முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்க முடியாது. அதனால் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டு, பிறகு ஒன்று சேர்க்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவைத் திறந்து, மேலும் மேலும் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசியில் சதுரம் சதுரமாகத் தெரியும். சதுரங்கள் சிறியதாகவும் நிறையவும் இருந்தால் முகம் தெளிவாகத் தெரியும். குறைவாக இருந்தால் மூக்கு எது, வாய் எது என்றே தெரியாது. இன்ஜினியர்களின் துண்டுகளும் அப்படித்தான். துண்டுகள் பெரிதாக இருந்தால், சிக்கலான மூலைகளில் நடப்பது கணக்கிலிருந்து நழுவிவிடும்.

கடலுக்குள் போன கான்கிரீட்

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று, நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே உள்ள கடல் நீரிடுக்கில், ஸ்லைப்னர் ஏ என்ற பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கிச் சோதித்துக் கொண்டிருந்தார்கள். வட கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடையைத் தாங்கப் போகும் அடித்தளம் அது. அதன் தலையில் வரப் போகும் மேல்தளத்தின் எடை மட்டும் 57,000 டன்.

அடித்தளத்தில் 24 பெரிய அறைகள், உருளை வடிவில், ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன. மூன்று சொம்புகளை ஒட்டி வைத்தால் நடுவில் முக்கோணமாக ஓர் இடைவெளி வரும் அல்லவா? அதேபோல இங்கும் அறைகளுக்கு நடுவே முக்கோண இடைவெளிகள் இருந்தன. அவற்றில் கடல் நீர் நிரம்பி, ஆழம் கூடக் கூடச் சுவரை அழுத்தும். அந்தச் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், அதற்குள் கம்பி எவ்வளவு நீளம் போக வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கை நம்பி முடிவு செய்யப்பட்டிருந்தன.

அடித்தளம் சுமார் 65 மீட்டர் ஆழத்திற்கு இறங்கியபோது பெரும் சத்தம் கேட்டது. அப்படிப்பட்ட ஒரு சுவர் உடைந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. அத்தனை பெரிய கட்டுமானமும் மூழ்கி, கடலடியில் மோதி நொறுங்கியது. மோதிய அதிர்வு, நில அதிர்வுக் கருவிகளில் ரிக்டர் அளவில் 3 எனப் பதிவானது. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை. மொத்த நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் தெரிய வந்தது இதுதான். அந்த முக்கோண இடைவெளிச் சுவர்களைக் கம்ப்யூட்டர் மாடலில் மிகப் பெரிய, கோணலான துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். அதனால் சுவரை அறுக்கும் விசையின் அளவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டது. சுவர் தேவையான தடிமன் இல்லாமல் போனது. உள்ளே வைத்த கம்பிகளும் போதிய நீளத்திற்குப் போகவில்லை. கணக்குப் போட்ட நாஸ்ட்ரான் உலகம் முழுவதும் இன்ஜினியர்கள் பயன்படுத்தும் புகழ்பெற்ற சாப்ட்வேர். அது கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது.

இன்னொரு செய்தியும் உண்டு. விபத்திற்குப் பின், அதே சுவரைச் சிறிய துண்டுகளாகப் பிரித்து மீண்டும் கணக்கிட்டார்கள். சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று பதில் வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். சரியாகக் கேட்டிருந்தால் கம்ப்யூட்டர் முன்கூட்டியே எச்சரித்திருக்கும்! இந்த விபத்தைச் சொல்லி, "கம்ப்யூட்டரே வேண்டாம், பழைய முறையே போதும்" என்று வாதிடுபவர்களுக்கு என் பதில் இந்த இரண்டு எண்கள்தான்.

பழக்கமில்லாத கேள்வி

அடுத்தது நம் எல்லோருக்கும் வலிக்கும் சம்பவம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. புறப்பட்ட 82 வினாடிகளுக்குள் எரிபொருள் தொட்டியின் மேலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து, இடது இறக்கையில் மோதியது. எடை ஒரு கிலோ கூட இல்லை. விண்கலம் மேலே சுற்றிக் கொண்டிருந்த நாட்களில், கீழே இருந்த இன்ஜினியர்கள் இதனால் ஆபத்து வருமா என்று கணக்கிட்டார்கள்.

வெப்பத்தைத் தாங்கும் ஓடுகளின் பாதிப்பைக் கணக்கிட அவர்கள் பயன்படுத்திய மாடலின் பெயர் கிரேட்டர். மிகச் சிறிய துண்டுகளை மோதவிட்டுக் கிடைத்த அனுபவத்தில் உருவானது அது. கொலம்பியாவில் மோதியதோ அவற்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அப்படியிருந்தும் அந்த மாடல், ஓடுகளில் ஆழமான சேதம் ஏற்படலாம் என்றே காட்டியது. "இந்த மாடல் எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்லும்" என்ற பழைய அனுபவத்தை வைத்து, அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டார்கள். இறக்கையின் முன்விளிம்பைப் பற்றிய கணக்கும் நுரைக்காக உருவானதல்ல. பனிக்கட்டிகளை மோதவிட்டு உருவாக்கப்பட்டது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா சிதறியது. நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் பலியானார்கள். அதே ஆண்டு ஜூலையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அதேபோன்ற நுரைத் துண்டை, உண்மையான இறக்கை விளிம்பின் மீது வேகமாக மோதவிட்டார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

ஸ்லைப்னரில் கம்ப்யூட்டரை அளவுக்கு மீறி நம்பினார்கள். கொலம்பியாவில் மாடலுக்குத் தெரியாத விஷயத்தை அதனிடம் கேட்டார்கள். பதில் பிடிக்காதபோது அதையும் தள்ளினார்கள். இரண்டிலும் குறை ஒன்றுதான். இந்த மாடல் எதற்காகச் செய்யப்பட்டது, எங்கே வரை செல்லும் என்ற கேள்வி உரிய இடத்தில் உறுதியாகக் கேட்கப்படவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சிலவற்றில் கம்ப்யூட்டருக்கு எல்லை உண்டு. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், எட்வர்ட் லோரென்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி ஒரு கணக்கைப் பாதியிலிருந்து மறுபடி ஓடவிட்டார். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருந்த எண் 0.506127. பிரிண்ட் எடுத்த தாளில் இருந்ததோ 0.506. அதையே டைப் செய்தார். சிறிது நேரம் பழைய பாதையிலேயே சென்ற கணக்கு, பிறகு முற்றிலும் வேறு வானிலையைக் காட்டியது.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்திடுங்கள். ஏ1 செல்லில் 0.3 என டைப் செய்திடவும். பி1 செல்லில் 0.300001 என டைப் செய்திடவும். இப்போது ஏ2 செல்லில் =4*ஏ1*(1-ஏ1) எனக் கொடுத்து என்டர் தட்டவும். செல்லின் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்த ஏ2 செல்லைக் காப்பி செய்து, பி2 செல்லில் பேஸ்ட் செய்திடவும். பின் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, முப்பதாவது வரி வரை கீழே இழுத்துவிடுங்கள்.

முதல் பத்து வரிகளில் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இருபதைத் தாண்டிப் பாருங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. தொடக்கத்தில் இருந்த வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்!

வானிலை ஆய்வாளர்கள் இந்த உண்மையை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். 1992 முதல் ஐரோப்பிய வானிலை மையம், தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே நாளுக்குப் பல முன்கணிப்புகளை ஓடவிடுகிறது. எல்லாம் ஒன்றுபோல வந்தால் நம்பிக்கை கூடும். பிரிந்து போனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வங்கக் கடலில் புயல் உருவாகும்போது, அதன் பாதையை ஒரே கோடாகக் காட்டாமல், போகப் போக விரியும் கூம்பாக டிவியில் காட்டுகிறார்கள் அல்லவா? "எங்கள் கணக்குக்கு இவ்வளவு தடுமாற்றம் உண்டு" என்று வெளிப்படையாகச் சொல்லும் படம் அது. அது அவர்களின் பலவீனம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பட்டனை மட்டும் கற்றால் போதுமா?

என் ஆதங்கம் இதுதான். கம்ப்யூட்டர் வகுப்புகளில் எந்த மெனுவில் எதைக் கிளிக் செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். வண்ண வண்ணமாக ரிசல்ட் வந்ததும் வகுப்பு முடிந்துவிடுகிறது. வந்த விடை நம்பத் தகுந்ததா என்று பார்க்கச் சொல்லித் தருபவர்கள் குறைவு. வண்ணப் படம் தவறான விடைக்கும் அதே அழகோடுதான் வரும். இப்போது ஏ.ஐ. தொகுப்புகளும் சரளமான நடையில் பதில் தருவதால், இந்தப் பழக்கம் முன்பைவிட அவசியமாகிறது.

எனவே ஸ்கிரீனில் ஒரு விடை வந்தவுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் கொடுத்த தகவல்கள் எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றனவா? இந்த ப்ரோகிராம் இப்படிப்பட்ட கேள்விக்காகத்தான் உருவாக்கப்பட்டதா? தோராயமாக மனக்கணக்குப் போட்டால் இதன் பக்கத்தில் வருகிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஸ்லைப்னர் அடித்தளத்தை மறுபடி வடிவமைத்தவர்கள், கம்ப்யூட்டர் விடைக்காகக் காத்திருக்காமல், கையால் போடும் பழைய கணக்கு முறைகளைத் துணைக்கு அழைத்தார்கள். புதிய அடித்தளம் 1993இல் வெற்றிகரமாகக் கடலில் நிறுத்தப்பட்டது.

எங்கள் நண்பரும் இப்போது மாறிவிட்டார். எக்ஸெல் கணக்கை பிரிண்ட் எடுத்ததும், பக்கத்தில் பேனாவால் ஒரு தோராயக் கூட்டல் போடுகிறார். பிறகுதான் மேஸ்திரியிடம் கொடுக்கிறார். மேஸ்திரியும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.